எடுத்ததில் எனக்குப் பிடித்தது: படத்தைப் போடுங்கள், கதையையும் சொல்லுங்கள்

மயிலை நிழல்

நம் புகைப்படக் குழுவின் மாதப் போட்டி இழைகளைக் கொஞ்சம் ஓரம் கட்டுவோம். எப்படியும் பள்ளிக்கரணைப் பூநாரையும் நேப்பியர் பாலத்து இரவு விளக்கும்தான் மாறி மாறி ஜெயிக்கின்றன. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் போட்டிக்கு அனுப்ப முடியாத, போனில் இடம் தீர்ந்தாலும் அழிக்க மனம் வராத படம் ஒன்று எல்லோரிடமும் இருக்கும். அதைப் போடுங்கள். ஆளுக்கு ஒன்று. மொபைலில் எடுத்ததும் சரி, தாத்தா காலத்து ஆல்பத்தில் இருந்ததும் சரி. ஃப்ரேமுக்கு வெளியே என்ன நடந்தது என்று மட்டும் சொல்லிவிட வேண்டும்.

என்னுடையதை முதலில் போடுகிறேன்.

[படம்: மோர்ப் பந்தல், மூன்று கைகள்]

மயிலாப்பூர் பங்குனிப் பெருவிழா, எட்டாம் நாள் அறுபத்துமூவர். வடக்கு மாட வீதியில் கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு மோர்ப் பந்தலின் கயிற்றோடு ஒட்டி வைத்துவிட்டது. நாயன்மார்கள் வரிசையாக என் முதுகுக்குப் பின்னால் போகிறார்கள். சங்கு, மேளம், "நமச்சிவாய" எல்லாம் கேட்கிறது. திரும்ப இடமில்லை. கண்ணுக்கு முன்னால் இருந்தது மோர் டிரம் மட்டும்தான். அதை நோக்கி நீண்ட மூன்று கைகள்: காக்கிச் சட்டை போட்ட ஒன்று, பலூன் குச்சிகளைப் பிடித்த ஒன்று, மருதாணி வைத்த குழந்தைக் கை ஒன்று. முகமே இல்லை. வீட்டில் எல்லோரும் "சாமியை எடுக்கவே இல்லையா?" என்று கேட்டார்கள்.

பழைய லென்ஸ்

கைகள் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் இழையின் விதியோடு எனக்குச் சண்டை உண்டு. கதை சொன்னால்தான் படம் நிற்கும் என்றால் அது படத்தின் குறை. உங்கள் படத்துக்குக் கதை தேவையே இல்லை, அதனால்தான் அது நல்ல படம்.

லினேயஸ் ட்ரைப் என்ற பிரிட்டிஷ் புகைப்படக்காரர் 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிசையைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அதில் என்ன சொந்தக் கதை இருக்கிறது? இன்றும் வாயைப் பிளந்து பார்க்கிறோம்.

மயிலை நிழல்

ட்ரைப் படங்களைப் பார்த்தால் எனக்கு முதலில் வரும் கேள்வியே, அந்தக் கேமராவையும் ரசாயனப் பெட்டிகளையும் தஞ்சாவூர் வெயிலில் சுமந்தவர்கள் யார் என்பதுதான், சார். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம். உங்கள் படம் எங்கே?

பழைய லென்ஸ்

[படம்: மீட்டர்கேஜ் மின்சார ரயில், பரங்கிமலை]

பீச் – தாம்பரம் மீட்டர்கேஜ் மின்சார ரயில். 1931-லிருந்து ஓடியது, 2004-ல் நின்றது. நிற்கப் போகிறது என்று தெரிந்ததும் பரங்கிமலை பிளாட்பாரத்துக்குப் போனேன்.

யாஷிகா மேட் 124ஜி, இரட்டை லென்ஸ் கேமரா. மார்போடு பிடித்துக் குனிந்து பார்க்க வேண்டும். அதன் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். ரயில் இடப்பக்கம் ஓடினால் கண்ணாடியில் வலப்பக்கம் ஓடும், கை தானாக எதிர்த்திசையில் இழுக்கும். ஓடும் வண்டியோடு கேமராவைத் திருப்பி எடுப்பது இதில் கிட்டத்தட்ட நடக்காத காரியம். ஆனால் மூடியின் முன்பலகையை உள்ளே தள்ளினால் ஒரு சதுரத் துளை வரும், அதன் வழியாக நேராகப் பார்க்கலாம். அப்போது ஃபோகஸ் தெரியாது. அதனால் தண்டவாளத்துக்கு முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துவிட்டு, ஷட்டரை முப்பதில் ஒரு நொடிக்குக் குறைத்து, ரயிலோடு இடுப்பைத் திருப்பினேன். ஒரு ரோலுக்கு 12 படம். ஒன்றில் மட்டும் வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்கும் பையனின் முகம் கூர்மையாக நின்றது, மற்றதெல்லாம் கோடு.

நான் கறுப்பு-வெள்ளை கற்றுக்கொண்டது ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ரோல்களில். பத்துப் படம் வீணானாலும் ஒன்று தேறினால் சந்தோஷப்படும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

ஃப்ரேமுக்கு வெளியே: ஒன்றுமில்லை. ஒரு ரயில்வே போலீஸ்காரர் வந்து "இடுப்பு வலியா சார்?" என்று கேட்டார்.

ராயபுரம் ரவுண்டு

அந்த இடுப்பு வலிதான் சார் கதை 😄

என் முறை. மொபைல் படம்தான், யாரும் அடிக்க வராதீர்கள்.

[படம்: கூடை மேல் அம்மா, காசிமேடு]

காசிமேடு மீன்பிடித் துறைமுகம், தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவரும் கொஞ்ச நஞ்ச நெத்திலியும் சங்கராவும்தான் ஏலத்துக்கு வரும். மற்ற நாளில் அங்கே விடியற்காலை கேமராவை எடுத்தால் கூடை வைத்தே தள்ளிவிடுவார்கள். தடைக்காலத்தில் பேச நேரம் இருக்கும்.

இந்த அம்மா கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மூக்குத்தியில் வெயில் விழுகிறது. கேட்டேன்.

"ஒரு போட்டோ எடுத்துக்கவாம்மா?"

"எடுத்து இன்னா பண்ணப் போற?"

"சும்மாதாம்மா."

"சும்மா எடுக்க நான் இன்னா லைட்டவுசா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அந்த நொடிதான் இது. பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். நான் பாராட்டை எதிர்பார்த்து நிற்கிறேன். "மூஞ்சி மட்டும் வெட்டி பாஸ்போர்ட் சைஸ்ல எட்டு போட்டுக் குடு, பேங்குக்கு வோணும்" என்றார். பின்னால் இருந்த படகையெல்லாம் அழித்து, நீல நிறம் போட்டு, வாயை மூடின மாதிரி வேறொரு ஷாட்டை எடுத்து வெட்டிக் கொடுத்தேன். என் படங்களிலேயே உருப்படியாக ஒரு வேலைக்குப் பயன்பட்டது அந்த எட்டுதான்.

வேளச்சேரி மாடி

ரவுண்டு, சிரித்த முகம்! இதை இங்கே போடவும் அவரிடம் கேட்டாயா?

ராயபுரம் ரவுண்டு

கேட்டேன் அக்கா. "போடு, ஆனா நம்ம ஏரியா குரூப்ல போடாத"ன்னு சொன்னார். அதனால் இங்கே மட்டும்.

பழைய லென்ஸ்

கேட்டது சரி. கேட்டால் இயல்பு போய்விடும் என்பார்கள், நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிதான். இந்தச் சிரிப்பு கேட்டதால் வந்தது. மார்க்கெட்டில் லாங் லென்ஸை வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து சுடுகிறவர்களுக்கு இது கிடைக்காது.

புதுவரவு 44

வணக்கம் நண்பர்களே, முதல் பதிவு. என் படம்: மெரினாவில் கடலுக்குள் மறையும் சூரியன். போன வாரம் நண்பனின் பிறந்தநாள் கொண்டாடிவிட்டு எடுத்தது.

[படம்: கடல், ஆரஞ்சுச் சூரியன்]

நிழற்கடிகாரம்

வரவேற்கிறோம். மெரினா கிழக்குக் கரை ஆயிற்றே தம்பி. சூரியன் மறைய வேண்டுமென்றால் திருவல்லிக்கேணிப் பக்கம்தான் மறைய வேண்டும்.

புதுவரவு 44

போனில் 5.58 என்று போட்டிருக்கிறதே?

ராயபுரம் ரவுண்டு

பிறந்தநாள் எத்தனை மணிக்கு முடிந்தது ப்ரோ?

புதுவரவு 44

விடிந்துதான்.

ராயபுரம் ரவுண்டு

போதும், புரிந்தது. படம் நன்றாக இருக்கிறது, தலைப்பை மட்டும் மாற்று.

இரவுக் கடல்

கடல் என்று வந்ததால் நானும் வருகிறேன்.

[படம்: நீல அலை, திருவான்மியூர்]

2019 ஆகஸ்ட் 18, ஞாயிறு இரவு. பெசன்ட் நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வரைக்கும் அலை நீலமாக மின்னுகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வாட்ஸ்அப்பில் வருவதை நான் நம்புவதில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி செருப்புகூடப் போடாமல் கடலுக்கு ஓடுவதைப் பார்த்துத்தான் கிளம்பினேன்.

நாக்டிலூகா என்ற ஒற்றை உயிரணு உயிரி. தண்ணீர் கலைந்தால் மின்னும், அதனால் அலை உடையும் இடத்தில் மட்டும் கோடு போட்டது போல் தெரியும். மணலில் காலை அழுத்தித் தேய்த்தால் பாதத்தைச் சுற்றிப் பொறி பறக்கும். முக்காலியில் வைத்து, லென்ஸை அகலத் திறந்து (எஃப் 1.8), ஒளியுணர்வைக் கூட்டி (ஐஎஸ்ஓ 3200), எட்டு நொடி ஷட்டரைத் திறந்து வைத்தேன். சுற்றிலும் நூற்றுக்கணக்கானவர்கள் போன் டார்ச்சை அடித்துக்கொண்டு "எங்கே, எங்கே" என்று தேடினார்கள். டார்ச்சை அணைத்தால்தான் தெரியும் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. ஒரு கட்டத்தில் ஒரு போலீஸ்காரர் மெகாஃபோனில் "எல்லாரும் லைட்டை ஆஃப் பண்ணுங்க" என்றார். அணைந்தது. அந்த எட்டு நொடிதான் இந்தப் படம்.

பழைய லென்ஸ்

நேர்மையாகச் சொல்லுங்கள், கண்ணுக்கு இவ்வளவு நீலமாகவா தெரிந்தது?

இரவுக் கடல்

இல்லை சார். வெளுத்த நீலம், கொஞ்சம் சாம்பல் கலந்த மாதிரி. இருட்டில் நம் கண் நிறத்தைச் சரியாகப் பார்க்காது, எட்டு நொடி வெளிச்சத்தைச் சேர்த்து வைக்கவும் அதற்குத் தெரியாது. கேமராவுக்குத் தெரியும். நிறத்தை நான் கூட்டவில்லை. ஆனால் அங்கே நின்றவர்கள் பார்த்தது இதுவா என்றால் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த உயிரி இப்படிப் பெருகுவதற்கும் கடலில் கழிவு கலப்பதற்கும் ஆக்சிஜன் குறைவதற்கும் தொடர்பு உண்டு என்கிறார்கள். அதைப் படித்த பிறகு இந்தப் படத்தைச் சுவரில் மாட்டுவதா வேண்டாமா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

நிழற்கடிகாரம்

ஒரு குறுக்குச்சால். ஆகஸ்ட் 18 சென்னைக்கு வேறொரு விதத்திலும் முக்கியமான நாள். நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 13 டிகிரி வடக்கே இருக்கிறது. சூரியன் வடக்கே போகும்போது ஏப்ரல் 24 வாக்கில் ஒரு தடவை, திரும்பி வரும்போது ஆகஸ்ட் 18 வாக்கில் ஒரு தடவை, நடுப்பகலில் சரியாக நம் தலைக்கு மேல் நிற்கும். நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழலே இருக்காது. நடுப்பகல் என்றால் கடிகாரத்துப் பன்னிரண்டு அல்ல, அதைத் தாண்டிச் சில நிமிடங்கள். ஏப்ரலில் 12.07, ஆகஸ்டில் 12.13 போல.

இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் நம் ஊரில் மத்தியான நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே. என் படம் அதுதான்: மொட்டை மாடியில் நிழலில்லாத ஒரு பக்கெட். மனைவிக்கு இதை ஏன் ஃப்ரேம் போட்டேன் என்று இன்னும் புரியவில்லை.

மயிலை நிழல்

எங்களுக்கும்தான் 😄 மாட்டிவையுங்கள். வேளச்சேரி அக்கா, எல்லோர் படத்துக்கும் கருத்துச் சொல்கிறீர்கள், உங்கள் படம்?

வேளச்சேரி மாடி

போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான் எடுத்தது இல்லை. தண்ணீர் எடுத்தது என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

[படம்: அம்மா அப்பா கல்யாணப் படம், ஓரம் கரைந்தது]

2015 டிசம்பர். அப்போது தரைத்தளத்தில் இருந்தோம். தண்ணீர் பீரோவின் இரண்டாவது தட்டு வரைக்கும் ஏறியது. ஆல்பங்கள் முதல் தட்டில். மாடி வீட்டிலிருந்து இறங்கி வந்து பார்த்தபோது எல்லாம் ஒரே கட்டியாக இருந்தது. வெயிலில் வைத்துக் காயவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நல்லவேளை, அருங்காட்சியக வேலை தெரிந்த ஒரு தோழி போனில் கிடைத்தாள். "காயவே விடாதே, ஒட்டிக் காய்ந்தால் பிறகு பிரிக்கவே முடியாது" என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இன்னொரு வெள்ளத்தில் யாருக்காவது உதவும். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் கட்டியை மிதக்கவிட வேண்டும். தானாகப் பிரிவதை மட்டும் பிரிக்க வேண்டும், இழுக்கக் கூடாது. படம் இருக்கும் பக்கத்தை விரலால் தேய்க்கவே கூடாது, நனைந்த ஜெலட்டின் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சேறு போகும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி அலசி, படப்பக்கம் மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்த வேண்டும். ஒரே நாளில் முடியாதென்றால் இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம், பிறகு பொறுமையாகப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் கரண்ட் வரவில்லை. அண்ணாநகரில் சித்தி வீட்டு ஃப்ரீசரில் ஐஸ்கிரீமை வெளியே எடுத்துவிட்டு எங்கள் குடும்பத்தை உள்ளே வைத்தோம்.

கறுப்பு-வெள்ளைப் படங்கள் ஏறக்குறைய முழுசாகத் தப்பின. நெகட்டிவும் தப்பியது. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் போட்டவை போயே போயின. லேப் கலர் பிரிண்ட்கள் பாதிக்குப் பாதி. அம்மா அப்பா கல்யாணப் படம் அந்தப் பாதியில் ஒன்று. நடுவில் இரண்டு பேரும் அப்படியே இருக்கிறார்கள். ஓரத்தில் இருந்த பந்தலும் சொந்தக்காரர்களும் சிவப்பாகி, ஆரஞ்சாகி, மஞ்சளாகி, கடைசியில் வெள்ளையாகிவிட்டார்கள்.

டிஜிட்டலில் சரிசெய்து தருகிறேன் என்று ஒரு ஸ்டுடியோவில் சொன்னார்கள், செய்தும் தந்தார்கள். அதில் பெரியப்பாவுக்கு யாரோ ஒருவரின் காது. அதைப் பெட்டியில் போட்டுவிட்டு ஒரிஜினலையே கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன்.

பழைய லென்ஸ்

அந்த நிற வரிசை ஏன் என்று சொல்கிறேன். கலர் தாளில் மூன்று சாய அடுக்கு உண்டு. மேலே பச்சை கலந்த நீலம், நடுவில் கருஞ்சிவப்பு, அடியில் மஞ்சள். தண்ணீர் மேலிருந்து தின்கிறது. நீலம் போனால் மிச்சம் சிவப்பு, அதுவும் போனால் மஞ்சள், அதுவும் போனால் வெறும் தாள். உங்கள் பந்தலில் மூன்று அடுக்கும் வரிசையாகத் தெரிகிறது. இப்படி ஒரு படம் நான் பார்த்ததில்லை.

வேளச்சேரி மாடி

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "சமையல் பந்தி இருந்த பக்கம்தான் முதல்ல போச்சு" என்கிறார். அவருக்கு அதுதான் வருத்தம்.

இரவுக் கடல்

இடையில் ஒன்று: சென்னை ஈரப்பதத்துக்கு ஆல்பமும் லென்ஸும் ஒன்றுதான், வெள்ளம் வராமலே பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பா, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், போதும். சரி, தொடருங்கள்.

டப்பா கேமரா

எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கதை தெரியாது, உங்களால் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்கத்தான் வந்தேன். மன்னார்குடி பக்கம் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு 120 (அகல ஃபிலிம்) நெகட்டிவ் ரோல் கிடைத்தது. சதுரப் படங்கள், 12. பெரும்பாலும் புகை படிந்ததுபோல் போய்விட்டன. மூன்று தேறின.

[படம் 1: கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் தாத்தா, அப்பாயி, ஒரு பையன்]
[படம் 2: அதே பையன் மணலில், கட்டுமரங்கள்]
[படம் 3: கண்ணகி சிலைக்குக் கீழே மூவரும்]

அப்பாயிக்கு இப்போது நினைவு சரியில்லை. "காணும் பொங்கலுக்கு மெட்ராஸ் போனோம், எம்பதாம் வருஷம்" என்று எப்போதும் சொல்லுவார். பையன் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. தாத்தா கறுப்புக் கண்ணாடியில் ஜம்மென்று நிற்கிறார். எங்கள் வீட்டில் அவருக்கு எம்.ஜி.ஆர். என்றே பெயர்.

ராயபுரம் ரவுண்டு

காணும் பொங்கலா? மெரினாவா? சான்ஸே இல்லை. காணும் பொங்கல் அன்று அங்கே மணலே தெரியாது. இதில் காக்காய்கூட இல்லை.

மயிலை நிழல்

சதுரப் படம், 12 ஃப்ரேம். ஆக்ஃபா கிளிக்-3 மாதிரி கேமராவாக இருக்கும். அந்தக் காலத்தில் நடுத்தர வீடுகளில் இருந்தது அதுதான். கண்ணகி சிலை 1968 ஜனவரியில், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்தது. அதற்கு முன்னால் இருக்க முடியாது.

நிழற்கடிகாரம்

யாரும் நகராதீர்கள். முதல் படத்தின் நிழலைப் பாருங்கள்.

முதலில் ஒன்று கேட்க வேண்டும். ஸ்கேன் செய்யும்போது நெகட்டிவைப் புரட்டி வைத்துவிடவில்லையே? இடம் வலம் மாறியிருந்தால் நான் சொல்லப் போவது எல்லாமே தலைகீழ்.

பழைய லென்ஸ்

புரளவில்லை. தாத்தாவின் சட்டைப் பை அவருடைய இடது மார்பில் இருக்கிறது. பையனுக்கும் அப்படியே. மேலே சொல்லுங்கள்.

நிழற்கடிகாரம்

நன்றி சார். பின்னால் கடல், அதாவது கேமரா கிழக்கே பார்க்கிறது. நம் இடது கைப்பக்கம் வடக்கு, வலது கைப்பக்கம் தெற்கு. மூவரின் நிழலும் வலப்பக்கம் குட்டையாக விழுந்திருக்கிறது. தெற்கே நிழல் என்றால் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும்தான் நம் ஊரில் அது நடக்கும்.

நீளத்தையும் பார்ப்போம். தாத்தாவை ஐந்தரை அடி என்று வைத்துக்கொண்டால் நிழல் ஒரு அடிக்கும் குறைவு, முக்கால் அடி இருக்கலாம். ஜூன் 21 நடுப்பகலில் இங்கே ஒரு அடி வரும். ஆகவே மே மாதக் கடைசி, இல்லாவிட்டால் ஜூலை. காணும் பொங்கல் அன்று மத்தியானம் என்றால் மூன்றரை அடிக்கு மேல் நிழல், அதுவும் வடக்கே, இடப்பக்கம் விழுந்திருக்கும். பொங்கல் கிடையவே கிடையாது.

இரவுக் கடல்

இரண்டாவது படத்தில் கடல் இடப்பக்கம் இருக்கிறது. அப்படியென்றால் கேமரா தெற்கே பார்க்கிறது. கரையோரமாக எவ்வளவு தூரம் தெரிகிறது, பாருங்கள். கலங்கரை விளக்கம் எங்கே? இன்று மெரினா மணலில் நின்று தெற்கே திரும்பினால் முதலில் கண்ணில் படுவதே அதுதான். அது திறந்தது 1977 ஜனவரி. கட்டவும் சில வருஷம் ஆகியிருக்கும், அரைகுறைக் கோபுரம்கூட இதில் இல்லை. எண்பதாம் வருஷம் என்பது போச்சு.

மயிலை நிழல்

1968-க்கும் எழுபதுகளின் நடுவுக்கும் இடையில், ஒரு மே அல்லது ஜூலை, மத்தியான வெயிலில். அந்த வேளையில் யார் மெரினாவுக்குப் போவார்கள்? உள்ளூர்க்காரர்கள் இல்லை. வேறு வேலையாக வந்தவர்கள், சாயங்காலம் வரை காத்திருக்க முடியாதவர்கள்.

பழைய லென்ஸ்

அந்தக் கறுப்புக் கண்ணாடி ஸ்டைலுக்கு என்று யார் சொன்னது? ஓரத்திலும் தடுப்பு இருக்கிறது, பெரிதாக்கிப் பாருங்கள். கண் ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கொடுப்பது. எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு அப்போது தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்தெல்லாம் வருவார்கள்.

டப்பா கேமரா

எனக்குக் கை உதறுகிறது. அத்தைக்குப் போன் போடுகிறேன். இருங்கள்.

ராயபுரம் ரவுண்டு

டீ போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம், சீக்கிரம்.

டப்பா கேமரா

அத்தையோடு ஒரு மணி நேரம் பேசினேன்.

தாத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன், எழும்பூரில். கோடை லீவு. அத்தையையும் அப்பாவையும் ஊரில் விட்டுவிட்டு இவர்கள் இரண்டு பேர் மட்டும் போயிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆன அன்று ராத்திரி ரயில். பகலெல்லாம் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தபோது, பக்கத்துக் கட்டில் நோயாளியின் மருமகன் "கடலைப் பார்த்ததில்லையா, வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனாராம். கேமரா அவருடையது. பையன் அவர் மகன்! ஐம்பது வருஷமாக அவனை எங்கள் தூரத்துச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

காணும் பொங்கலுக்குப் போனதும் உண்மைதானாம். அது 1980-ல், எல்லோருமாக. அதில் படம் எதுவும் எடுக்கவில்லை. அப்பாயி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

பழைய லென்ஸ்

பார்த்தீர்களா மயிலை நிழல்? கதையைக் கேட்டிருந்தால் 1980 பொங்கல் என்று எழுதி ஒட்டியிருப்போம். படம்தான் சரியாகச் சொன்னது.

மயிலை நிழல்

படம் மே அல்லது ஜூலை என்று மட்டும்தான் சொன்னது சார். பையன் யார் என்று அத்தை சொல்ல வேண்டியிருந்ததே. சண்டை இன்னும் முடியவில்லை.

வேளச்சேரி மாடி

ஒரு சந்தேகம். கேமரா அவருடையது என்றால் நெகட்டிவ் எப்படி உங்கள் பரணுக்கு வந்தது?

டப்பா கேமரா

நானும் அதையே கேட்டேன் அக்கா. தபாலில் அனுப்பியிருக்கிறார். "எங்களிடம் பிரிண்ட் இருக்கிறது, நெகட்டிவ் உங்களுக்கு" என்று ஒரு துண்டுச் சீட்டோடு. உறையை அத்தை வைத்திருக்கிறாராம், ஸ்டாம்ப் சேர்க்கும் பழக்கத்தால்.

நிழற்கடிகாரம்

உறையா? முத்திரை இருக்குமே! தேதி! தேதி!

டப்பா கேமரா

அத்தை பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான்.

[படம்: தபால் உறை]

விழுப்புரம், 19 ஜூன் 1972.

நிழற்கடிகாரம்

மே கடைசியில் எடுத்து, கழுவி, ஜூனில் அனுப்பியிருக்கிறார். எல்லாம் பொருந்துகிறது. பக்கெட் படத்தை ஏன் மாட்டினேன் என்று இப்போது என் மனைவிக்குச் சொல்லப் போகிறேன்.

பழைய லென்ஸ்

டப்பா கேமரா, நெகட்டிவை மறுபடி 2400 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, தரம் குறையாத டிஃப் கோப்பாக வையுங்கள், ஜேபெக் வேண்டாம். பழைய பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காகித உறைக்கு மாற்றுங்கள். புகை படிந்த ஒன்பது ஃப்ரேமையும் தூக்கிப் போடாதீர்கள், எனக்கு அனுப்புங்கள், முயன்று பார்க்கிறேன்.

டப்பா கேமரா

கண்டிப்பாக அனுப்புகிறேன் சார். உறையின் பின்பக்கம் அனுப்புநர் முகவரி பாதி அழிந்திருக்கிறது, ஆனால் தெருப் பெயரும் கதவு எண்ணும் தெரிகின்றன. ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அந்தப் பையனுக்கு இப்போது அறுபதாவது இருக்கும். யாராவது வருகிறீர்களா?

ராயபுரம் ரவுண்டு

நான் வருகிறேன். பைக் என்னுடையது, பெட்ரோல் உன்னுடையது. பிரிண்ட் போட்டு எடுத்துக்கொள். பெரிய சைஸில் ஒன்று போடு, எதற்கும் பாஸ்போர்ட் சைஸில் எட்டும் போட்டுக்கொள்.